சப்பாத்தை உள்ளே எடுத்து வைத்தவர்

ஜூலை 8, செவ்வாய்

இந்த ஊருக்கு ஜூலைதான் குளிர்காலம். கடும் குளிர். கார்க் கண்ணாடி முழுக்க உறைபனி. சுடுதண்ணீர் ஊற்றக் கூடாது என்று தெரிந்தும் ஊற்றினேன். வெடிக்கவில்லை. மருந்தகத்துக்கு லேட்.

இன்றைய வேலைகள்:
வக்கீல் ஹெலனுக்குப் போன்.
பால், தக்காளி, இவருடைய பிரஷர் மாத்திரை.
அபியைச் சாப்பிட வைப்பது.
இவரோடு பேசாமல் இருப்பது.

கடைசி வேலை காலையிலேயே கெட்டது. "டோஸ்ட் வேணுமோ?" என்று வந்து நின்றார். "மண்ணாங்கட்டி வேணும்" என்றேன். டோஸ்ட் போட்டு வைத்துவிட்டுப் போனார். சாப்பிட்டேன், பசி.

நடந்ததை ஞாபகம் இருக்கும்போதே எழுதி வையுங்கள் என்றாள் ஹெலன். எழுதுகிறேன், தமிழில். அவளால் படிக்க முடியாது, நல்லதுதான். நான் பிறந்து வளர்ந்த கிள்ளானில் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்தது இதற்காவது ஆகட்டும்.

அபி எங்கள் ஒரே பெண். ஐஸ் தரையில் வட்டமாக ஓடும் ஸ்பீட் ஸ்கேட்டிங். நாட்டுக்காக ஓடுகிறவள் என்பதால் ஊக்கமருந்துச் சோதனைக்காரர்கள் எந்த நாளும் சொல்லாமல் வரலாம். தினமும் ஒரு மணி நேரம் எங்கே இருப்பாள் என்று முன்கூட்டியே கொடுத்திருக்க வேண்டும். அபி கொடுத்தது: காலை ஆறு முதல் ஏழு, வீடு. வந்தால் ஒரு பெண் பாத்ரூமுக்குள் கூடவே போய் நின்று பார்ப்பாள். அசிங்கம்தான். ஆனால் பல வருடமாக அபி முகம் சுளித்ததில்லை. "கிளீனா இருக்கிறவங்களுக்கு இது நல்லதும்மா" என்பாள்.

மே மாதம் ஒரு நாள். நான் சீக்கிர ஷிஃப்ட், வீட்டில் இல்லை. அபி ட்ருகனினாப் பக்கம் ஒரு கிடங்கில் இரவு வேலை முடிந்து லேட்டாக வந்து மேல்மாடியில் தூக்கம். போன் சைலன்ட். காலை ஆறு மணிக்குப் பிறகு ஒரு ஆணும் ஒரு பெண்ணும் வந்து பெல் அடித்திருக்கிறார்கள். இவர் திறந்திருக்கிறார். அபியின் முழுப் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள்.

இவர் சொன்ன பதில்: இங்கே இல்லை. எங்கே போனாள் என்று தெரியாது.

தலைக்கு மேல் தூங்குகிறாள்! அவர்கள் ஏழு மணி வரை வாசலில் காரில் காத்திருந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இவர் அவளை எழுப்பவும் இல்லை, பிறகு சொல்லவும் இல்லை. சோதனை தவறியதாகக் கடிதம் வந்தபோதுதான் எங்களுக்கே தெரியும். வீட்டில்தான் தூங்கினேன் என்று அபி உள்ளதைப் பதில் எழுதினாள். வேண்டுமென்றே சோதனையைத் தவிர்த்தாள், அப்பாவைப் பொய் சொல்ல வைத்தாள் என்று குற்றச்சாட்டு. விசாரணை முடியும்வரை தற்காலிகத் தடை. நிரூபணமானால் நாலு வருடம்.

அவளுக்கு இருபத்தெட்டு. நாலு வருடம் என்றால் முடிந்தது. குளிர்கால ஒலிம்பிக்குக்கான தேர்வு ஓட்டம் ஆகஸ்டில், சிட்னியில்.

நான் பார்மசிஸ்ட். இருமல் மருந்து, விட்டமின், மாமி அனுப்பிய லேகியம், எல்லாவற்றையும் தடைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் இந்த வீட்டுக்குள் விட்டேன். லேகியத்தை அப்படியே குப்பையில் போட்டேன். அவள் வாய்க்குள் போவதை எல்லாம் காவல் காத்தேன். இவர் வாயிலிருந்து வருவதை யார் காப்பது?


ஜூலை 10, வியாழன்

மழை. முழங்கால் வலி.

இன்று நேராகவே கேட்டேன். ஏன் அப்படிச் சொன்னீங்க?

"வாயிலை வந்திட்டுது."

"வாயில வந்துச்சா? அவங்க வருவாங்கன்னு உங்களுக்குத் தெரியும்தானே? எத்தனை தடவை வந்திருக்காங்க?"

"நான் இருக்கேக்கை ஒருநாளும் வரேல்லை. நீர்தான் திறக்கிறனீர்."

அது உண்மை. எப்போதும் நான்தான் திறப்பேன். அதனால்? நாய் வளர்க்கிற வீட்டில்கூட வந்தவர் யார் என்று விசாரிப்பார்கள்.

"விடியக்காலமை ரெண்டு பேர், கையில பேப்பரோட, பிள்ளையின்ர பேரைச் சொல்லிக் கேட்டினம். இல்லையெண்டு சொன்னன். அவ்வளவுதான். விடும் அதை."

விடுவதாம். ரயில்வேயில் சிக்னல் எஞ்சினியராக இருந்து ரிட்டயர் ஆன மனிதர். ஒரு சிவப்பு விளக்கு மாறி எரிந்தால் மூன்று பக்கம் ரிப்போர்ட் எழுதியவர். மகள் வாழ்க்கையைக் கவிழ்த்ததற்கு ரிப்போர்ட்: வாயிலை வந்திட்டுது.


ஜூலை 13, ஞாயிறு

வெயில், ஆனால் காற்று பிடுங்குகிறது. த பேசின் பிள்ளையார் கோவில். அபி வரவில்லை. இவர் வந்து காரிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள்.

"ஐஸ்ல ஓடுற பிள்ளை. ட்ரக்ஸ் எடுத்ததாம்."

"அந்தக் கிளென் வேவர்லிப் பிள்ளையோ? ஐயோ, நல்ல பிள்ளையெல்லோ."

"ஊசி போடாம எங்கட சனம் அங்க போய் வெல்லுமே?"

ஊசி என்று சொன்னது வத்சலா. அபி முதல் தடவை வெளிநாட்டுப் போட்டியில் மெடல் வாங்கியபோது இதே மண்டபத்தில் பொன்னாடை போர்த்தி, மைக்கைப் பிடித்துக்கொண்டு, விடவே மாட்டேன் என்று நின்ற அதே வத்சலா. போட்டோவில் அபியைவிட அவள்தான் பெரிதாகத் தெரிவாள்.

நான் தட்டைக் கீழே வைத்தேன். "அவ ஒண்ணும் எடுக்கல. எடுத்தாளான்னு பார்க்க வந்தவங்களை இவர் திருப்பி அனுப்பிட்டார். அவ்வளவுதான்."

வத்சலா முகம் ஒரு மாதிரி ஆயிற்று. பிறகு நிதானமாகக் கேட்டாள்: "அப்ப ஏன் அன்ரி திருப்பி அனுப்பினவர்?"

நான்கு வயதுதான் எனக்கு இளையவள். நான் ஆன்ட்டியாம். அவளை அறைய வேண்டும் போல இருந்தது. நானும் இவரிடம் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதுதான் அதைவிட எரிச்சல்.

கொடிமரத்துக்குப் பக்கத்தில் நின்று பிள்ளையாரிடம் ஒன்றும் கேட்கவில்லை. திட்டினேன்.


ஜூலை 15, செவ்வாய்

ஹெலனோடு வீடியோ. நாங்கள் மூவரும் சாப்பாட்டு மேசையில். அபி நடுவில், இவர் அவளுக்கு வலது பக்கம், நான் இடது பக்கம். பொண்ணு பார்க்க வந்த மாதிரி.

ஹெலன் நல்லவள். மெதுவாகப் பேசுகிறாள். ஆனால் இன்று ஒரு குண்டைப் போட்டாள். சோதனைக்கு வந்த பெண் தன் அறிக்கையில் சொல்லியிருக்கிறாளாம்: முதலில் பெல் அடித்தபோது வாசலில் பெண்கள் போடும் ஓட்டச் சப்பாத்து, ரன்னிங் ஷூ, ஒரு ஜோடி இருந்தது. ஆறே முக்காலுக்கு இன்னொரு தடவை தட்டிப் பார்க்கப் போனபோது அது இல்லை.

நம் வீடுகளில் எல்லார் சப்பாத்தும் வெளியேதான் கிடக்கும். கிடந்ததை யார் எடுத்தது?

அபி திரும்பி அப்பாவைப் பார்த்தாள். "டாட்?"

"நான்தான் உள்ளுக்கு எடுத்து வைச்சனான்."

"ஒய்?"

"மழை வாற மாதிரி இருந்தது."

அபி அதை இங்கிலீஷில் சொல்ல, ஹெலன் பேனாவைக் கீழே வைத்தாள். அன்றைக்கு மழை இல்லை என்று மெதுவாகச் சொன்னாள். இது வெறும் உளறல் இல்லை, ஒருவர் வீட்டில் இருக்கும் தடயத்தை மறைத்தது, நீங்கள் அவள் சொல்லித்தான் செய்தீர்கள் என்று எதிர்த் தரப்பு சொல்லும், அவர்கள் இடத்தில் நான் இருந்தால் நானும் அதைத்தான் சொல்வேன் என்றாள்.

இருபத்தொன்பது வருடக் கல்யாணத்தில் இந்த மனிதர் ஒரு சப்பாத்தை எடுத்து வைத்து நான் பார்த்ததில்லை. தன் சப்பாத்தையே தாண்டித்தான் போவார்.

ஹெலன் வீடியோவை வைத்த பிறகு இவர் ஒரு யோசனை சொன்னார். "எனக்கு இங்கிலீஷ் விளங்கேல்லை எண்டு சொல்லுவம்."

எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "என்னங்க, கவுன்சில் லெட்டர்ல இலக்கணப் பிழை இருந்தா சிவப்புப் பேனால திருத்தி திருப்பி அனுப்புற ஆளு நீங்க. யாருலா நம்புவா?"

அபி சிரிக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு மேலே போனாள். சாத்தியதில் சாமி படம் ஆடியது.


ஜூலை 16

எழுத ஒன்றும் இல்லை. ரசம் திரிந்துவிட்டது. ரசம் எப்படித் திரியும்? என் கை பட்டால் திரியும்.


ஜூலை 24, வியாழன்

அபி பல வருடமாகப் போகும் பிசியோதெரபி கிளினிக் சுவரிலிருந்து அவள் படம் போய்விட்டது. ஷாப்பிங் போனபோது பார்த்தேன். அந்த இடத்தில் இப்போது யோகா செய்கிற ஒரு கிழவர். உள்ளே போய்க் கேட்டேன். "இட்ஸ் ஜஸ்ட் ஃபார் நவ்" என்றாள் ரிசப்ஷன் பெண். அவள் என்ன செய்வாள், சம்பளத்துக்கு இருக்கிறவள். ஆனால் திட்டிவிட்டுத்தான் வந்தேன்.

டீமோடு பயிற்சி செய்யக் கூடாது. கோச் பேசக் கூடாது. சேர்ந்து ஓடிய பிள்ளைகள் மெசேஜ்கூட அனுப்புவதில்லை, ஒரே ஒருத்தி மட்டும் ஒரு இதயம் அனுப்பினாளாம். பத்து வருடம் என் காரில் பின் சீட்டில் வாழைப்பழத் தோலைப் போட்டவர்கள்.

இவர் இன்று அபியின் ஸ்கேட் பிளேடை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் பிடுங்கிக்கொண்டு போனாள். சண்டை போட்டால்கூடப் பரவாயில்லை.


ஆகஸ்ட் 5, செவ்வாய்

நாளை விசாரணை. இவருடைய நீலச் சட்டை அயர்ன். ஹெலன் மூன்றாவது தடவை இவரிடம் தனியாகப் பேசினாள். என்ன சொன்னார் என்று எனக்குச் சொல்லவில்லை. வெளியே வந்து தோட்டத்தில் குழாயைத் திறந்து விட்டுவிட்டு நின்றார். மழையில் செடிக்குத் தண்ணீர் விடுகிறார்.

நான் சொன்னேன்: "நாளைக்கு மட்டும் வாயில வந்ததச் சொல்லாதீங்க. உண்மையச் சொல்லுங்க. என்ன கருமமா இருந்தாலும்."

"ஓம்" என்றார்.


ஆகஸ்ட் 6, புதன்

மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

வீடியோ விசாரணை. அந்தப் பக்கம் மூன்று பேர், தலைமை ஒரு வெள்ளைத் தலைமுடிப் பெண். அபியும் ஹெலனும் சிட்டி ஆபீஸில் இருந்து. இவர் வீட்டில் இருந்து, சாட்சி. நான் அறையில் இருக்கலாம், பேசக் கூடாது. குசினிக் கதவடியில் (சமையலறைக்கு இவர் வார்த்தை, எனக்கும் ஒட்டிக்கொண்டது) நின்றேன்.

எதிர்த் தரப்பு வக்கீல் நேராகச் சப்பாத்துக்கு வந்தான். எதற்காக எடுத்தீர்கள்?

இவர் தொண்டையைச் செருமினார். மழை என்று சொல்லப் போகிறார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

சொல்லவில்லை. சுத்தமான இங்கிலீஷில், சிக்னல் ரிப்போர்ட் வாசிப்பது போலச் சொன்னார். நான் நினைவில் உள்ளபடி எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் யுத்தம். அவருக்குப் பத்தொன்பது வயது, தம்பி குகனுக்குப் பதினாறு. விடியற்காலையில் ஆட்கள் கையில் பேப்பரோடு வந்து தம்பியின் முழுப் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். அந்தக் காலத்தில் அப்படிக் கேட்டால் ஊரில் எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான்: இல்லை, எங்கே போனான் என்று தெரியாது. அம்மாவுக்குப் பேச்சு வரவில்லை, அதனால் இவர் சொன்னார். தம்பி சீலிங்குக்கு மேலே படுத்திருந்தான். வந்தவர்கள் கிணற்றடியைப் பார்க்கப் போன இடைவெளியில் வாசலில் கிடந்த தம்பியின் செருப்பைக் காலால் தள்ளி ஒரு சாக்குக்கு அடியில் விட்டார்.

பக்கத்து வீட்டிலும் அதே பதில்தான் சொன்னார்கள். அங்கே செருப்பு வாசலிலேயே கிடந்தது. வீட்டைப் பிரித்துத் தேடினார்கள். அந்தப் பையன் திரும்பி வரவில்லை.

"அன்றைக்கு இங்கே கதவைத் திறந்தபோது நான் ஒன்றும் யோசிக்கவில்லை. அவர்கள் காருக்குப் போனதும் சப்பாத்தைப் பார்த்தேன். எடுத்து உள்ளே வைத்தேன். என் மகளுக்கு இது எதுவும் தெரியாது. பிறகு வெட்கமாக இருந்தது, அதனால் சொல்லவில்லை." இவ்வளவுதான் சொன்னார்.

தலைமைப் பெண் கண்ணாடியைக் கழற்றினாள். நாளை காலை அதே அதிகாரிகள் வந்து கேட்டால் என்ன சொல்வீர்கள், என்று கேட்டாள்.

நல்ல கேள்வி, உதவிக்குக் கேட்ட கேள்வி. கதவைத் திறந்து மகளைக் கூப்பிடுவேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

இவர் யோசித்தார். யோசிக்காதே மனிதா, யோசிக்காதே என்று நான் கதவடியில் நின்று கையை ஆட்டினேன்.

"இல்லை என்றுதான் சொல்வேன் என்று நினைக்கிறேன்" என்றார்.

திரையில் ஹெலன் கண்ணை மூடியதைப் பார்த்தேன். அபி மேசையைப் பார்த்தபடி இருந்தாள்.

எனக்கு வந்த கோபத்தை எழுதத் தெரியவில்லை. பாதி இவர் மேல். பாதி, யார் என்று தெரியாத அந்த ஆட்கள் மேல், கையில் பேப்பரோடு வந்தவர்கள் மேல். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு கிளென் வேவர்லியில் என் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார்கள்.


ஆகஸ்ட் 7, வியாழன்

குகனுக்கு டொராண்டோவுக்குப் போன் அடித்தேன். ஒரு மாதம் என் வீட்டில் தங்கி, என் கையால் சாப்பிட்டு, அபிக்குப் பொம்மை வாங்கித் தந்த குகன். தினமும் காலை வணக்கம் ரோஜாப்பூ அனுப்புகிற குகன்.

"ஓம் அண்ணி, சீலிங்குக்கு மேல. ஒரே கரப்பான்" என்று சிரித்தான். பிறகு, "ஏன், அண்ணா உங்களுக்குச் சொல்லேல்லையே?"

இல்லை என்றேன். நான் கிள்ளானில் பள்ளிக்கூடம் விட்டு ஐஸ் கச்சாங் சாப்பிட்டுக்கொண்டிருந்த வயதில் அங்கே இது நடந்திருக்கிறது. கல்யாணம் பேசும்போது 'அங்கே ஒரே பிரச்சினை, அதனால் வந்தார்' என்று ஒரு வரி சொன்னார்கள். அந்த ஒரு வரியோடுதான் இத்தனை நாள் குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

அபி அப்பாவோடு பேசவில்லை. முன்பாவது முறைத்தாள். இப்போது பார்ப்பதே இல்லை. விசாரணையில் அந்தக் கடைசிப் பதிலுக்காகத்தான் என்று நினைத்தேன்.


ஆகஸ்ட் 23, சனி

சிட்னியில் இன்று தேர்வு ஓட்டம். தீர்ப்பு இன்னும் வரவில்லை. அவசரம் என்று ஹெலன் கேட்டுப் பார்த்தாள், கேட்டவர்களுக்கு அவசரம் இல்லை.

அபி ரிங்குக்குப் போக வேண்டும் என்றாள். பொது மக்கள் நேரம், டிக்கெட் வாங்கி யாரும் ஸ்கேட் செய்யலாம். நான் கூட்டிப் போனேன். ஒரு குழந்தையின் பிறந்தநாள் பார்ட்டி. பிள்ளைகள் விழாமலிருக்க பிளாஸ்டிக் பென்குயினைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். ஸ்பீக்கரில் கூச்சல் பாட்டு. அதற்கு நடுவில் என் பெண், ஓரமாக, மெதுவாக, எல்லாருக்கும் வழிவிட்டு. வேகமாகப் போகக் கூடாது என்று போர்டு இருக்கிறது. ஒரு தடவை வளைவில் சாய்ந்தாள், பழக்கத்தில். உடனே சிவப்புச் சட்டைப் பையன் விசில் அடித்து விரலை ஆட்டினான்.

"சாரி" என்று சொல்லி நிமிர்ந்துகொண்டாள்.

நான் காருக்குப் போய் அழுதேன். பிறகு பார்க்கிங்குக்குப் பணம் கட்டாததற்கு அபராதச் சீட்டு ஒட்டியிருந்ததைப் பார்த்து அதற்கும் சேர்த்து அழுதேன்.


ஆகஸ்ட் 29, வெள்ளி

தீர்ப்பு.

வேண்டுமென்றே தவிர்த்ததாக நிரூபிக்கப்படவில்லை. தந்தையின் சாட்சியம் நம்பத்தக்கது. அவருடைய கடைசிப் பதிலைக் குறிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள்: தனக்குப் பாதகமாக இருந்தும் உண்மையைச் சொன்ன சாட்சி. தவறிய சோதனை என்று ஒன்று மட்டும் பதிவில் இருக்கும். தடை இன்றோடு நீங்கியது.

ஹெலன் போனில் சந்தோஷத்தில் கத்தினாள். அவள் கத்தி முடிக்கும்வரை பொறுத்திருந்து கேட்டேன்: டீம்?

பெண்களுக்கு ஒரே இடம். திங்கட்கிழமையே பெயர் அறிவித்தாகிவிட்டது. பத்தொன்பது வயதுப் பெண். நல்ல பெண், இதயம் அனுப்பியவள். அவள் மேல் கோபம் இல்லை. இல்லை, கொஞ்சம் இருக்கிறது.

அப்பீல் செய்யலாமா? ஓடாத ஓட்டத்துக்கு அப்பீல் இல்லையாம்.

குற்றம் சாட்டியபோது பேப்பரில் படத்தோடு போட்டார்கள். இன்று தேடிப் பார்த்தேன், இரண்டு வரி. வத்சலா மட்டும் மெசேஜ்: எங்களுக்கு முதலே தெரியும், கடவுள் கைவிடமாட்டார், நவராத்திரிக்கு அபியைப் பேசச் சொல்லுங்கோ. பதில் போட்டேன். அதை இங்கே எழுதவில்லை, அழித்தும் விடவில்லை.


ஆகஸ்ட் 30, சனி

மேகமூட்டம். வாஷிங் மெஷின் நடுவில் நின்றுவிட்டது, தண்ணீரோடு.

மத்தியானம் சாப்பாடு. நேற்றைய கருவாட்டுக் குழம்பு. மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து எவ்வளவோ நாளாயிற்று. இவர் தலையைக் குனிந்தபடியே சொன்னார், "பிள்ளை, நான் செய்ததுக்கு என்னை மன்னிச்சுக்கொள்ளும். உம்மட இடம் போயிட்டுது."

அபி கரண்டியை வைத்தாள்.

"இட்ஸ் நாட் அபவுட் த டீம், டாட்."

பிறகு தமிழில் பேசினாள். கோபத்தில் எப்போதும் இங்கிலீஷில்தான் பேசுவாள். தமிழ் தட்டுத் தடுமாறி வந்தது.

"அந்த மூணு பேருக்குச் சொன்னீங்க. ஒண்ணுமே தெரியாது அவங்களுக்கு உங்களைப் பத்தி. ஸ்கிரீன்ல வந்தாங்க, கேட்டாங்க, சொல்லிட்டீங்க. நான் இருபத்தெட்டு வருஷமா இந்த வீட்லதான் இருக்கேன்பா."

இவர் சோற்றைத் தட்டு ஓரமாக ஒதுக்கினார். "நீர் ஒருநாளும் கேட்கேல்லையே, பிள்ளை."

"கேக்கணும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

சத்தம் போட்டுத்தான் கேட்டாள். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. இந்த வீட்டில் இவ்வளவு சத்தமாக அவள் பேசி நான் கேட்டதில்லை. அவளை அதட்ட வாயெடுத்தேன், அப்பாவிடம் அப்படிப் பேசாதே என்று. அதட்டாமல் விட்டேன். எனக்கும் அதே கேள்விதான்.

"அந்தப் பையன் பேர் என்ன?" என்று கேட்டாள். "பக்கத்து வீட்டுப் பையன்."

இவர் கையைக் கழுவ எழுந்தார். எழுந்து பாதி வழியில் நின்றார். குழம்புக் கையோடு திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"ரவி" என்றார். "என்ர வயசு."

நான் பாத்திரத்தை எடுக்கப் போகவில்லை. மெஷின் தண்ணீர் கிடக்கட்டும்.